உரிக்காத கிச்சிலி

ஆனைக்குறிச்சி அரண்மனையில் ஆதிமூலம் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு வேலை, சாப்பிடுவது. சிரிக்காதீர்கள். ராஜா வாயில் வைப்பதற்கு முன்னால் எதையும் இவர் தன் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். சோறு என்றால் ஒரு பிடி, மோர் என்றால் ஒரு மடக்கு. பழம் என்றால் தோலில் ஒரு கடி, உள்ளே இருக்கிற வெள்ளையில் ஒரு கடி, சுளையில் ஒரு கடி. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். ஆள் சாயவில்லை என்றால் ராஜா கை கழுவிச் சாப்பிட உட்காருவார்.

வருஷக்கணக்காக இந்தப் பிழைப்பு. இப்படி வாழ்ந்த மனுஷனுக்கு யார் மேல் நம்பிக்கை வரும்? பால்காரன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று யோசிப்பார். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று யோசிப்பார்.

வயசாகி அரண்மனையை விட்டு வந்தார். வேலை அவரை விட்டுப் போகவில்லை. வீட்டில் மகள் ஆவுடை இருந்தாள். தாயில்லாப் பிள்ளை, கலியாண வயசு. ராஜாவுக்குப் பார்த்ததை இப்போது மகளுக்குப் பார்த்தார். அதோடு நிறுத்தினாரா? மகள் என்றால் ராஜாவை விட உசத்தி அல்லவா!

ஆவுடைக்குப் பச்சையாக எதுவும் கூடாது. தோல் கூடாது, தோலில்தான் தடவுவார்கள். கசப்பு ஆகவே ஆகாது, கசப்பில்தான் ஒளிப்பார்கள். காயோ கீரையோ, முதலில் பச்சையாக இவர் கடித்துப் பார்ப்பார். பிறகு உரித்து, வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டி, மறுபடியும் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுச் சக்கையைப் பிள்ளைக்குக் கொடுப்பார். கிச்சிலிப் பழத்தை வேகவைத்துத் தின்ற பெண் இந்த உலகத்திலேயே ஆவுடை ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அந்தப் பிள்ளைக்கு உடம்பு கெட்டது. ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. யாரும் அடிக்காமலே காலில் நீலம் நீலமாகக் கன்றிப் போயிற்று. சின்ன வயசில் சுட்டு எப்போதோ ஆறின தழும்பு வாய் பிளந்தது. கடைசியில் எழுந்து நிற்கவே முடியாமல் படுத்துவிட்டாள்.

ஆதிமூலத்துக்கு இதில் சந்தேகமே இல்லை. விஷம். மெல்ல மெல்லக் கொல்கிற விஷம். எவனோ வைக்கிறான்.

தம்பி வீட்டுப் போக்குவரத்தை நிறுத்தினார். கிணற்றை மாற்றினார். பசுவை விற்றார். பிள்ளைக்கு இன்னும் ஒரு தடவை கூடுதலாக வேகவைத்தார். அவள் இன்னும் மோசமானாள். அவரோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். ஒரே அடுப்பு, ஒரே பானை. அப்பனுக்கு ஒன்றும் செய்யாத சோறு மகளை மட்டும் எப்படிக் கொல்லும்? வேறு வழியாகத்தான் உள்ளே போகிறது.

மலையடிவாரத்தில் உலகம்மை என்று ஒரு வைத்தியச்சி இருந்தாள். ஆதிமூலத்தை விட இளையவள். சுற்றிலும் எலுமிச்சை, நார்த்தை, கிச்சிலி என்று புளிப்பு மரமாக வளர்த்துவைத்துக்கொண்டு நடுவில் குடிசை போட்டிருந்தாள். அவளுக்குத் தெரியாத விஷமில்லை என்று ஊரில் பேச்சு. மகளை வண்டியில் படுக்கவைத்து ஓட்டிக்கொண்டு போனார்.

"என்ன வேணும், அண்ணாச்சி?"

"விஷம் படிக்கணும்."

"எதுக்கு?"

"என் பிள்ளைக்கு எவனோ வச்சுக்கிட்டிருக்கான். என்ன விஷம்னு தெரிஞ்சா எவன்னு தெரிஞ்சிடும்."

உலகம்மை வண்டியில் ஏறி ஆவுடையின் வாயைத் திறந்து பார்த்தாள். காலை அழுத்திப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்தாள்.

"இப்ப நீங்க வாயைத் திறங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"அதுதான் பார்க்கணும்."

திறந்தார். ஈறு கெட்டியாக, பல் பளிச்சென்று இருந்தது.

"வீட்டில சமையல் யாரு?"

"நான்தான். வேற எவன் கையையும் அடுப்புப் பக்கம் விடறதில்லை."

உலகம்மை மரத்திலிருந்து இரண்டு கிச்சிலி பறித்து அவரிடம் கொடுத்தாள். "வழிநெடுக வெயில். பிள்ளைக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு."

ஆதிமூலம் இரண்டையும் முகர்ந்தார். இரண்டிலும் தோலில் கடித்தார், வெள்ளையில் கடித்தார், சுளையில் கடித்தார். உட்கார்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு நன்றாக உரித்து, நாரெல்லாம் வழித்து, தான் கொண்டுவந்த சட்டியில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெளுத்துப்போன சுளையை மகளுக்கு ஊட்டினார்.

உலகம்மை எல்லாம் முடிகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிப்பு சொல்லித் தர்றேன், அண்ணாச்சி. ஆனா ஐப்பசி மழை இறங்குற வரைக்கும் பிள்ளைக்கு நான்தான் ஊட்டுவேன். அவ சாப்பாட்டில நீங்க கையும் வைக்கக் கூடாது, வாயும் வைக்கக் கூடாது."

"அது நடக்காது." ஆதிமூலம் மாட்டை வண்டியில் பூட்டப் போனார்.

"அப்பா," என்றாள் ஆவுடை. "என்னால இனிமே வண்டியில வர முடியாது. திரும்பிப் போறதுக்குள்ள செத்துருவேன்."

அவர் மாட்டை அவிழ்த்துவிட்டார். முன்பின் தெரியாதவள் கையில் பிள்ளையைக் கொடுத்தாயிற்றே!

"அப்ப நான் என்னத்தைத் தின்னறது?" என்றார் கோபமாக.

"இத்தனை நாள் அவளுக்கு எப்படிச் சமைச்சீங்களோ, அதே மாதிரி உங்களுக்கும் சமைச்சுக்கோங்க. உங்க கையாலேயே. ஆனா எதையும் பச்சையா கடிச்சுப் பார்க்க வேண்டாம். விஷம் படிக்கிறவனுக்கு நாக்கு சும்மா கிடக்கணும்."

இது அவருக்குப் பிடித்திருந்தது. தன் கைச் சமையல் என்றால் பயமில்லை. ஆனால் இவள் ஏன் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறாள் என்று அன்றைக்கே ஒரு முள் தைத்தது.

ஆடி மாதம் அப்படித் தொடங்கியது.

"இன்னைக்கு என்ன பாடம்?" என்று தினமும் கேட்பார்.

"நார்த்தை மரத்துக்குத் தண்ணி விடுங்க."

"நேத்தும் அதுதானே?"

"நேத்து விட்ட தண்ணியை நேத்தே குடிச்சிருச்சு."

படிப்புச் சொல்லித் தராமல் காலத்தை ஓட்டுகிறாள் என்று நினைத்தார். என்னை ஏன் மரத்தடியிலேயே நிற்க வைக்கிறாள்? குடிசைக்குள் பார்க்கக் கூடாதது என்ன இருக்கிறது? ஒரு நாள் மத்தியானம் வாளியைப் போட்டுவிட்டுக் கூரை ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தார்.

உலகம்மை ஒரு கிச்சிலியின் தோலை அரிவாள்மணையில் மெல்லிசாக அரிந்துகொண்டிருந்தாள். அரிந்ததை மோர்ச்சோற்றில் போட்டாள். சுளையைப் பச்சையாகப் பிய்த்து அதன் மேல் போட்டாள். அந்த வெள்ளை நாரைக்கூட எடுக்கவில்லை. ஆவுடை வாயைத் திறந்தாள்.

பாய்ந்து உள்ளே போய்ச் சோற்றுக் கும்பாவைப் பிடுங்கிவிட்டார் மனுஷன்.

"அடிப்பாவி! தோலைப் போட்டா கசக்காதா? கசந்தா உள்ள என்ன கிடக்குன்னு எப்படித் தெரியும்? நான் பார்க்காத அரண்மனையா, நான் பார்க்காத சதியா!"

உலகம்மை வாயெடுப்பதற்குள் ஆவுடைதான் பேசினாள்.

"அப்பா, குடுங்க. பசிக்குது."

ஆதிமூலம் அப்படியே நின்றுவிட்டார். பசிக்கிறது என்று அந்தப் பிள்ளை சொல்லி ஒரு வருஷம் இருக்கும். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கும்பாவைத் திரும்ப வைத்தார்.

வெளியே வந்ததும் உலகம்மை பின்னாலேயே வந்தாள். கையில் அந்தத் தோலின் ஒரு துண்டு. பிள்ளையார் மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னைக்குப் பாடம் இருக்கு, அண்ணாச்சி."

தோலைச் சுடருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மடித்துப் பிதுக்கினாள். சடசடவென்று பொறி பறந்தது.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" ஆதிமூலம் துள்ளினார். "நெருப்புப் பிடிக்கிற சாமானை என் பிள்ளைக்கு ஊட்டறீங்க!"

"எண்ணெய். தோலில மரம் பூசி வச்சிருக்கு."

"மரம் எதுக்குப் பூசணும்?"

"பயம்தான். வண்டு வரும், பூஞ்சை வரும், கண்ட கண்டது வந்து வாய் வைக்கும். அதனால தோலில எண்ணெய், அதுக்கு உள்ள வெள்ளையில கசப்பு, சுளையில புளிப்பு. உங்களை மாதிரிதான், அதுவும் சந்தேகக்காரன்."

"வண்டைக் கொல்றது மனுஷனைக் கொல்லாதா?"

"நீங்க எத்தனை தோலைக் கடிச்சிருப்பீங்க?"

அது எதற்கு இப்போது என்று தோன்றியது அவருக்கு. பேச்சை மாற்றுகிறாள். கெட்டிக்காரி. விறுவிறுவென்று வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டார்.

ஆவணி போயிற்று. ஆவுடை எழுந்து உட்கார்ந்தாள். புரட்டாசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நீலமெல்லாம் மங்கியது. தழும்பு மூடிக்கொண்டது. ஒரு நாள் குடிசைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

ஆதிமூலத்துக்கோ உடம்பு சரியில்லை. முதலில் சோர்வு. வாளி கனத்தது. மரத்தடியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வரவில்லை. ஒரு நாள் வாய் கொப்பளித்தார். துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்தது.

பதறிப்போய் விரலை வாய்க்குள் விட்டு ஈறைத் தொட்டார். புண்ணாக நொந்தது. வேட்டியை விலக்கிக் காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே நீலம்.

அவளுக்கு வந்தது எல்லாம் எனக்கு வந்திருக்கிறது. எனக்கு இருந்தது எல்லாம் அவளுக்குப் போயிருக்கிறது. ஆகா! விஷத்தைப் பிள்ளையிடமிருந்து இறக்கி என் மேல் ஏற்றிவிட்டாள் சண்டாளி!

ஆனால் எப்படி ஏற்றினாள்? அதுதான் பிடிபடவில்லை. பானையை அவர் கண் முன்னாலிருந்து எடுப்பதே இல்லை. படுக்கும்போது வாயைத் துணியால் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். விறகைச் சந்தேகப்பட்டு வேறு விறகு பொறுக்கினார். புகையைச் சந்தேகப்பட்டு மூக்கைக் கட்டிக்கொண்டு சமைத்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினார். ஈறு இன்னும் வீங்கியது.

ஐப்பசியின் முதல் மழை இறங்கிய அன்று, கோல் ஒன்றை ஒடித்து எடுத்துக்கொண்டு உலகம்மையின் முன்னால் போய் நின்றார். அடிக்கத்தான் எடுத்தார். ஊன்றிக்கொள்ளத்தான் உதவியது.

"எனக்கு விஷம் வச்சுட்டீங்க."

"உட்காருங்க, அண்ணாச்சி."

"உட்கார மாட்டேன். பிள்ளையைக் காப்பாத்தினீங்க, அதுக்கு உங்க காலில விழறேன். ஆனா என்னை ஏன் கொல்றீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

"உங்க அடுப்புப் பக்கம் நான் வந்தேனா?"

"வரலை."

"தண்ணி?"

"நானே இறைச்சது."

"பானை?"

"என் தலைமாட்டில."

"வேற யாராவது வந்தாங்களா?"

"ஈ கூட வரலை. வர விடலை."

"உரிச்சது யாரு?"

"நான்."

"வேகவச்சது?"

"நான்."

"தண்ணியைக் கொட்டினது?"

"நான்தான். நான்தான்! வேற யாரு? என் கைதான் எல்லாத்தையும்…"

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆதிமூலம் கோலைக் கீழே போட்டுவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.

"இப்படித்தானே அவளுக்கும் சமைச்சேன்," என்றார்.

"ஆமா."

"நான் ஒண்ணும் போடலையேம்மா. என் பிள்ளை மேல சத்தியம். ஒரு துளி ஒண்ணும் போடலை."

"போடலை, அண்ணாச்சி. எடுத்தீங்க."

"என்னத்தை எடுத்தேன்?"

"அது உங்களுக்குத் தெரியும். தினமும் கடிச்சுப் பார்த்தீங்களே. தோலில ஒரு வாய், வெள்ளையில ஒரு வாய், சுளையில ஒரு வாய். பச்சையா."

ஆதிமூலம் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்து ஓவென்று ஒரு சத்தம் வந்தது. ராஜாவே செத்தபோதும் அழாத மனுஷன் அவர்.

"அவளுக்குச் சேர வேண்டியதை நானே தின்னுட்டேனே! தின்னுட்டு எச்சில் சக்கையை ஊட்டினேனே, பாவி! நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு வேற சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே!"

உலகம்மை அழ விட்டாள். மழை கொஞ்சம் விட்டது.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா. அன்னைக்கே பார்த்தீங்களே, நான் வேகவச்சதை."

"பார்த்தேன்."

"சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா?"

ஆதிமூலம் யோசித்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"விஷம் வச்சவளே நீங்கதான்னு சொல்லியிருப்பேன். வண்டியைத் திருப்பியிருப்பேன்."

"பிள்ளை வழியிலேயே போயிருக்கும்," என்றாள் உலகம்மை.

அப்போது ஆவுடை வந்தாள். சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்தாள். தலையெல்லாம் மழை. மடியில் புதுசாகப் பறித்த கிச்சிலிப் பழங்கள். அப்பாவைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். மரத்தடியிலிருந்தே எல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

"உனக்குத் தெரியுமா, தாயி?" என்றார். "நான் செய்றது தப்புன்னு?"

"தப்புன்னு தெரியாது. சாப்பிடவே முடியலைன்னு தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

"எனக்காகப் பார்த்துப் பார்த்துச் செஞ்சீங்க. அடுப்புக்கு முன்னாடி அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பீங்க. வேண்டாம்னு எப்படிப்பா சொல்லுவேன்?"

அவருக்கு இன்னும் கொஞ்சம் அழுகை பாக்கி இருந்தது. அதையும் அழுதார்.

ஆவுடை ஒரு பழத்தை அவர் கையில் வைத்தாள். இன்னொன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். உரிக்கவில்லை. தோலோடு ஒரு கடி கடிக்க வாய்க்குக் கொண்டுபோனாள்.

ஆதிமூலத்தின் கை சட்டென்று நீண்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்தது.

பிடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. விடவும் முடியவில்லை. உலகம்மையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரே ஒரு வாய் நான் பார்த்துட்டுக் கொடுத்துடறேனேம்மா," என்றார்.

"பாருங்க. அவ தின்னு முடிச்ச பிறகு."

"எனக்கு எல்லாம் புரியுது. உங்க மேல சந்தேகமும் இல்லை. ஆனாலும் பயமா இருக்கும்மா. இந்தப் பயம் எப்பப் போகும்?"

உலகம்மை அவர் விரல்களை ஒவ்வொன்றாக மகளின் கையிலிருந்து பிரித்தாள்.

"அது எதுக்குப் போகணும், அண்ணாச்சி? அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்களும் பக்கத்தில சும்மா உட்கார்ந்திருங்க. பிள்ளை சாப்பிடட்டும்."